சி++ ராஸ்டர் லைப்ரரியைப் பைத்தானுக்குக் கொண்டுபோக எந்த வழி?

சி++ மொழியில் ஒரு ராஸ்டர் லைப்ரரி, அதாவது பிக்சல் கட்டங்களாக உள்ள புவித் தரவைக் கையாளும் லைப்ரரி, தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உயரத் தரவில் உள்ள பள்ளங்களை நிரப்புகிறது, நீர் எந்தத் திசையில் ஓடும் என்று கணக்கிடுகிறது, வேகமாகவும் ஓடுகிறது. ஆனால் அதைப் பயன்படுத்த வேண்டிய நீரியல் ஆய்வாளரும், காட்டுப் பரப்பை அளப்பவரும், செயற்கைக்கோள் படத்தில் பயிரைப் பிரித்தறிபவரும் பைத்தானில்தான் நாள் முழுக்க வேலை செய்கிறார்கள். அவர்களைச் சி++ பக்கம் வரச்சொல்வது நடக்காத காரியம். லைப்ரரிதான் அவர்களிடம் போக வேண்டும்.

போவதற்கு வழிகள் நிறையவே உண்டு. எது நல்லது என்ற பேச்சு எப்போதும் கருவியின் பெயரில்தான் தொடங்குகிறது: ஸ்விக்கா, சைத்தனா, பைபைண்ட்11-ஆ என்று. இரண்டு மொழிகளுக்கு நடுவே எதெது கடக்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் கருவி பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும் என்பது என் கருத்து. அதை வெறுமனே சொல்ல வேண்டியதில்லை, காட்டவே முடியும். ஏனென்றால் இந்தத் துறையில், ராஸ்டர் கோப்புகளைப் படித்து எழுதும் ஜிடால் என்ற சி++ லைப்ரரி இருக்கிறது. ஃபிராங்க் வார்மர்டாம் 1998-இல் தொடங்கிய அந்த லைப்ரரியைப் பைத்தானிலிருந்து பயன்படுத்த, கிட்டத்தட்ட எல்லா வழிகளையும் யாராவது ஒருவர் ஏற்கெனவே முயன்று, பல ஆண்டு பராமரித்தும் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் பட்ட பாடு நமக்குப் பாடம்.

எல்லையில் கடப்பவை

முதலில் ஒரு கணக்கு. சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின் 10 மீட்டர் பேண்ட் (ஒரு அலைவரிசைக்கான படம்) ஒரு டைலுக்கு, அதாவது ஒரு துண்டுக்கு, 10,980 × 10,980 பிக்சல். அதாவது 12 கோடிக்கு மேல். பிக்சலுக்கு 2 பைட் என்றால் சுமார் 240 மெகாபைட். இதைப் பைத்தானிலிருந்து ஒவ்வொரு பிக்சலாகக் கேட்டால் 12 கோடி அழைப்பு. ஒரு அழைப்புக்கு ஒரு மைக்ரோசெகண்ட் என்று குறைத்தே வைத்தாலும், கணக்கு எதுவும் செய்யாமல் எல்லையைத் தாண்டிப் போய்வரவே 2 நிமிடம் ஆகிவிடும். அதையே 512 × 512 கட்டங்களாகக் கேட்டால் 484 அழைப்புதான். அப்போது அழைப்புச் செலவு ஒரு மைக்ரோசெகண்டா மூன்றா என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை.

இதனால் கிடைக்கும் முடிவு பெரியது. பல ஒப்பீடுகளில் முதலிடம் பெறும் 'ஒரு அழைப்புக்கு எவ்வளவு நேரம்' என்ற அளவுகோல் ராஸ்டருக்கு அநேகமாகத் தேவையே இல்லை. கட்டம் கட்டமாகக் கொடுத்து வாங்கும்படி உங்கள் இடைமுகம் இருந்தால் எல்லாக் கருவிகளும் வேகம்தான். அப்படி இல்லாவிட்டால் எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது.

வேறு மூன்று விஷயங்களே உண்மையில் வலிக்கும். ஒன்று, ஆயுள்: ஒரு பொருளை இரண்டு மொழிகளும் பிடித்துக்கொண்டிருக்கும்போது அதை யார் விடுவிப்பது? இரண்டு, பிழை: சி++ பக்கம் ஏதாவது தவறினால் பைத்தான்காரருக்கு அது எப்படித் தெரிய வேண்டும்? மூன்று, அணியின் அடுக்கு: பைத்தானில் எண்களை வைத்திருக்கும் நம்பை லைப்ரரியின் அணி, நீங்கள் நினைக்கிற வரிசையில்தான் அவற்றை மெமரியில் வைத்திருக்கிறதா? இவற்றுக்கு அப்புறம் நான்காவதாக ஒன்று வரும், அதுதான் மற்றவற்றை விட அதிகம் நேரம் தின்னும்: பயனரின் கணினியில் போய் நிறுவப்படுவது.

கட்டளை வரியோடு நிறுத்திக்கொள்வது

லைப்ரரியை ஒரு கட்டளை நிரலாகக் கம்பைல் செய்துவிட்டு, பைத்தானிலிருந்து அதைத் தனிப் புராசஸாக ஓடவிடுவது மிக எளிய வழி. இதைத் தரக்குறைவாக நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ஒயிட்பாக்ஸ்டூல்ஸ் நிரலின் பைத்தான் தொகுப்பு இதைத்தான் செய்கிறது. கியூஜிஐஎஸ் மென்பொருளின் செயலாக்கப் பெட்டியில் உள்ள ஜிடால் கருவிகளும் உள்ளே ஜிடாலின் கட்டளைகளைத்தான் ஓடவிடுகின்றன. பல கணினிகளில் இணையாக ஓடும் டாடெம் நிரலும் கட்டளை வடிவில்தான் வருகிறது.

இதில் கிடைக்கும் பெரிய நன்மை பாதுகாப்பு. சிதைந்த ஒரு டிஃப் கோப்பால் சி++ நிரல் செத்துவிழுந்தால் அந்தப் புராசஸ் மட்டும்தான் போகும். ஆய்வாளர் காலையிலிருந்து திறந்துவைத்திருக்கும் ஜுபிட்டர் நோட்புக் அப்படியே இருக்கும். பைத்தான் பதிப்பு மாறினாலும் எதையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை. ஆயுள், அணி அடுக்கு ஆகிய இரண்டு தலைவலிகளும் முழுசாகவே இல்லை.

விலை என்னவென்றால், ஒவ்வொரு படிக்கும் வட்டில் எழுதி மறுபடி படிக்க வேண்டும். பள்ளம் நிரப்பு, திசை கணி, குவிப்பு கணி என்று மூன்று படி என்றால் இடையில் இரண்டு பெரிய கோப்புகள். பிழையும் வெறும் எழுத்தாகத்தான் வரும். அதைப் பிரித்துப் படிக்கிற நிரல், செய்தியின் வாசகத்தை யாராவது திருத்திய அன்றைக்கே உடைந்துபோகும். ஜிடால் தன் 2.0 பதிப்பில் கோப்பு விவரம் சொல்லும் கட்டளைக்கு நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் வடிவ வெளியீட்டைச் சேர்த்தது இதற்கு நல்ல மருந்து. நீங்கள் இந்த வழியில் போனால் முதல் நாளிலிருந்தே ஜேசன் கொடுங்கள்.

ஒரு கோப்பு உள்ளே, ஒரு கோப்பு வெளியே, ஒவ்வொன்றும் சில நிமிடம் ஓடும் வேலை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மேலே போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

சிடைப்ஸ், சிஎஃப்எஃப்ஐ

லைப்ரரியைப் பைத்தானின் புராசஸுக்குள்ளேயே ஏற்றிக் கூப்பிட வேண்டும், ஆனால் பைத்தான் பக்கம் எதையும் கம்பைல் செய்யக்கூடாது என்றால் சிடைப்ஸ். 2.5 பதிப்பிலிருந்து பைத்தானோடே வருகிறது. ஜாங்கோ வலைச் சட்டகத்தின் புவித் தரவுப் பகுதியான ஜியோஜாங்கோ ஜிடாலை இப்படித்தான் பயன்படுத்துகிறது. ஜாங்கோவை நிறுவுபவர் யாரும் கம்பைலர் வைத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் அந்தத் தேர்வின் பயன். கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஜிடாலைத் தேடிப் பிடித்து அது ஏற்றிக்கொள்ளும்.

அந்தத் தேடல் பகுதியின் மூலநிரலைப் பார்த்தால் இந்த வழியின் சுபாவம் புரிந்துவிடும். லைப்ரரி எந்தப் பெயரில் இருக்கக்கூடும் என்று பதிப்பு எண்களோடு ஒரு பட்டியல் அங்கே இருக்கிறது. புதிய ஜிடால் பதிப்பு வரவர அந்தப் பட்டியலில் பெயர் சேர்க்கிறார்கள். அதிலும் கிடைக்காவிட்டால் பயனரே அமைப்புக் கோப்பில் முழுப் பாதையைக் கொடுக்க வேண்டும்.

சிடைப்ஸில் பெரிய ஆபத்து வேறு. அது உங்கள் ஹெடர் கோப்பைப் படிப்பதில்லை. ஒவ்வொரு ஃபங்ஷனும் என்ன வாங்கும், என்ன தரும் என்று நீங்கள் கையால் எழுத வேண்டும். திருப்பித் தரும் வகையைச் சொல்ல மறந்தால் சாதாரண முழு எண் என்று எடுத்துக்கொள்ளும். கோப்பைத் திறக்கும் ஃபங்ஷன் 64 பிட் பாயின்டர் (மெமரி முகவரி) ஒன்றைத் தருகிறது, நீங்கள் வகையைச் சொல்லவில்லை, அதன் மேல்பாதி வெட்டுப்பட்டுப் போகும். அடுத்த அழைப்பில் செக்மென்டேஷன் ஃபால்ட், புராசஸே விழுந்துவிடும். சில நேரம் முகவரி சின்னதாக இருந்து தப்பித்தும் விடும். அதனால் உங்கள் கணினியில் ஓடும், பயனரின் கணினியில் விழும். பத்து ஃபங்ஷனுக்கு இதைக் கவனமாகச் செய்யலாம். முந்நூறு ஃபங்ஷனுக்கு மனிதரால் ஆகாது.

இன்னொன்று: சிடைப்ஸுக்குச் சி மொழி இடைமுகம்தான் தெரியும். சி++ கிளாஸ், டெம்ப்ளேட் (பல தரவு வகைகளுக்கும் ஒரே நிரல்), எக்ஸெப்ஷன் எதுவும் அதன் கண்ணில் படாது. ஜிடால் உள்ளே சி++ என்றாலும் வெளியே முழுமையான சி இடைமுகம் ஒன்றை ஆரம்பத்திலிருந்தே வைத்திருக்கிறது. டேட்டாசெட் (திறந்த கோப்பு), பேண்ட் எல்லாம் அதில் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாத வெறும் பாயின்டர்கள். ஜியோஜாங்கோ சாத்தியமானதே அதனால்தான். உங்கள் லைப்ரரியில் அது இல்லையென்றால் முதலில் அதை எழுத வேண்டும்.

சிஎஃப்எஃப்ஐ இதே குடும்பம். ஹெடரில் உள்ள அறிவிப்புகளை அப்படியே ஒட்டினால் புரிந்துகொள்கிறது என்பதால் மேலே சொன்ன வெட்டுப்படும் பாயின்டர் ஆபத்து குறைவு. பைத்தானின் இன்னொரு செயலாக்கமான பைபையிலும் நன்றாக ஓடும். சிடைப்ஸ் தேவைப்படுகிற இடத்தில், ஒரு சார்பு கூடினாலும் பரவாயில்லை என்றால், இதையே எடுங்கள்.

ஸ்விக்: ஒரு முறை எழுதி எல்லா மொழிக்கும்

டேவிட் பீஸ்லி 1990-களின் நடுவில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இருந்தபோது உருவாக்கிய ஸ்விக், ஒரு இடைமுகக் கோப்பைப் படித்துப் பல மொழிகளுக்கு இணைப்பு நிரலை உற்பத்தி செய்யும். ஜிடாலின் அதிகாரபூர்வ பைத்தான் இணைப்பு இன்றுவரை இதுதான். அதே இடைமுகக் கோப்புகளிலிருந்து ஜாவாவுக்கும் சி ஷார்ப்புக்கும் இணைப்பு வருகிறது. பெர்லுக்கும் வந்துகொண்டிருந்தது, 3.5 பதிப்பில் நிறுத்தினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த இடைமுகக் கோப்புகள் ஜிடாலின் சி++ கிளாஸ்களை நேராகச் சுற்றவில்லை. சி இடைமுகத்தின் மேல் 'நிழல்' வகைகள் என்று ஒரு மெல்லிய அடுக்கை வைத்து, அதைத்தான் ஸ்விக்குக்குக் காட்டுகிறார்கள். சி இடைமுகம் பதிப்புக்குப் பதிப்பு மாறாமல் இருக்கும், சி++ பக்கம் அப்படி இருக்காது. இருபது ஆண்டு தாக்குப்பிடித்த ஒரு இணைப்பு இந்த அடித்தளத்தின் மேல் நிற்கிறது என்பது தற்செயல் இல்லை.

ஸ்விக்கின் பலம் முழுமை. ஜிடாலில் புதிதாக எது வந்தாலும் சில வரி சேர்த்தால் பைத்தானிலும் வந்துவிடும். பலவீனம், சியின் வாசனை பைத்தானிலும் அடிக்கும். ஜிடால் ஆவணத்தில் பைத்தான் பயனர்கள் தடுக்கி விழும் இடங்களுக்கென்றே தனிப் பக்கம் இருக்கிறது. அதில் இரண்டைக் கிட்டத்தில் பார்க்கலாம்.

ஒரே வரியில் கோப்பைத் திறந்து, அதிலிருந்து முதல் பேண்டை எடுத்து, பேண்டை மட்டும் ஒரு மாறியில் வைத்துக்கொள்கிறீர்கள். பைத்தான்காரர் யாரும் இயல்பாக எழுதும் வரிதான். ஆனால் டேட்டாசெட்டை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை என்று பைத்தான் அதை விடுவித்துவிடும். விடுவிக்கும்போது சி++ பக்கம் கோப்பு மூடப்பட்டு, பேண்டும் அழிகிறது. உங்கள் மாறியில் இருப்பது செத்த பாயின்டர். ஜிடாலின் பல பதிப்புகளில் அடுத்த வரியில் பிழைச் செய்தி வராது, பைத்தானே விழுந்துவிடும். பைத்தானில் இப்படி ஒன்று நடக்கும் என்று எதிர்பார்க்கவே யாருக்கும் பழக்கமில்லை.

இரண்டாவது, பிழை. இல்லாத கோப்பைத் திறக்கச் சொன்னால், எக்ஸெப்ஷன்களை நீங்களே இயக்கிவைக்காத வரை வெற்று மதிப்புதான் திரும்ப வரும். நான்கு வரி தள்ளி அதனிடம் பேண்ட் கேட்கும்போது, வெற்றுப் பொருளுக்கு அப்படி ஒரு பண்பு இல்லை என்று பைத்தான் கத்தும். கோப்புப் பெயரில் ஒரு எழுத்து தப்பு என்பது அந்தச் செய்தியிலிருந்து தெரியவே தெரியாது. ஆரம்பத்தில் எடுத்த முடிவு, அதை நம்பிப் பல ஆயிரம் நிரல்கள் வந்துவிட்டன, இனி சட்டென்று மாற்ற முடியாது. 3.7 பதிப்பிலிருந்து, இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்காதவர்களுக்கு எச்சரிக்கை காட்டுகிறார்கள், 4.0-இல் எக்ஸெப்ஷன்தான் இயல்பாக இருக்கும் என்று அதில் சொல்கிறார்கள். பிழையை எப்படிச் சொல்வது என்பதை முதல் பதிப்பிலேயே சரியாக முடிவு செய்யுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இந்தக் குறைகள் ஸ்விக்கின் தலையெழுத்து என்று சொல்ல மாட்டேன். முயன்றால் சரிசெய்யலாம், ஜிடால் குழுவும் செய்துகொண்டே வருகிறது, 3.8-இல் டேட்டாசெட்டை வித் வாக்கியத்தோடு பயன்படுத்தும் வசதி வந்தது. ஆனால் ஒரு மொழியின் வகையை மற்றதன் வகையாக மாற்றும் ஸ்விக்கின் டைப்மேப் விதிகளை எழுதுவது தனிக் கலை. குழுவில் அது தெரிந்த ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். மூன்று மொழிக்காவது இணைப்பு தேவை என்றால் அந்த முதலீடு நியாயம். பைத்தான் ஒன்றுக்கு மட்டும் என்றால் புதிதாகத் தொடங்குபவர் ஸ்விக்கை எடுக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

சைத்தன்: ராஸ்டரியோ போன பாதை

இதே ஜிடாலை ஷான் கில்லீஸ் 2013-இல் மேப்பாக்ஸ் நிறுவனத்தில் இருந்தபோது வேறு விதமாக அணுகினார். ஜிடாலின் ஒவ்வொரு ஃபங்ஷனையும் பைத்தானுக்கு நகலெடுப்பதற்குப் பதிலாக, பைத்தான்காரர் ஒரு ராஸ்டரை எப்படிப் பார்க்க விரும்புவார் என்று முதலில் வரைந்துகொண்டு, உள்ளே தேவையான ஜிடால் அழைப்புகளைச் சைத்தனில் எழுதினார். அதுதான் ராஸ்டரியோ. 1.0 பதிப்பு 2018-இல் வந்தது.

சைத்தன் என்பது பைத்தான் போன்ற மொழி. அதில் எழுதியது சி நிரலாக மாறிக் கம்பைல் ஆகும். நடுவில் சி ஃபங்ஷன்களை நேராகக் கூப்பிடலாம். ராஸ்டரியோவின் பிழைப் பகுதியைப் படிக்க வேண்டும். ஜிடாலின் அழைப்பு திருப்பித் தரும் பாயின்டரையோ பிழை எண்ணையோ ஒரு சிறு உறையில் போட்டு அனுப்புகிறார்கள். அந்த உறை ஜிடாலிடம் கடைசிப் பிழை என்ன என்று கேட்டு, இருந்தால் அதற்குரிய பைத்தான் எக்ஸெப்ஷனை எழுப்புகிறது. ஒரே இடத்தில் எழுதியது, எல்லா இடத்திலும் பயன்படுகிறது. கோப்பு இல்லையென்றால் கோப்பு இல்லை என்றே செய்தி வருகிறது. அடியில் இருப்பது அதே ஜிடால்தான், ஆனால் மேலே கிடைக்கும் அனுபவம் முற்றிலும் வேறு.

இங்கே ஒரு எச்சரிக்கை. சொந்த வடிவமைப்பு என்றால் சொந்த மரபும் வரும். பிக்சல் வரிசை எண்ணைப் புவி ஆயமாக மாற்றும் ஆறு எண்களை ஜிடால் 600000, 10, 0, 1400000, 0, -10 என்று தரும். மேல் இடது மூலையின் எக்ஸ் முதலில் வரும். அதையே ராஸ்டரியோ 10, 0, 600000, 0, -10, 1400000 என்று அஃபைன் அணியின் வரிசையில் தரும். கணிதப்படி பின்னது சீரானது, எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் மாற்றாமல் கொடுத்தால், பிழை எதுவும் காட்டாமல் படம் வரைபடத்தில் எங்கோ போய் உட்கார்ந்துவிடும். ஏற்கெனவே பழகிப்போன மரபை மாற்றுவதானால் மாற்றித் தரும் ஃபங்ஷனையும் சேர்த்தே கொடுங்கள். ராஸ்டரியோவில் அது இருக்கிறது.

இந்த வழியில் பரப்பு சுருங்கும் என்பதும் உண்மை. ராஸ்டரியோவில் வெக்டர் தரவைப் படிக்கும் பக்கம் இல்லை. அதற்கு ஃபியோனா, பின்னாளில் பையோஜியாரியோ என்று தனித்தனி லைப்ரரிகள் வந்தன. ஜிடாலின் பல பதிப்புகளோடும் ஒத்துப்போக, பதிப்புக்கொரு இடைக்கோப்பை ராஸ்டரியோவிலேயே வைத்திருந்த காலமும் உண்டு. அது சின்ன வேலை இல்லை.

உங்கள் லைப்ரரிக்குச் சி இடைமுகம் இருக்கிறது, குழுவில் பைத்தான் கை தேர்ந்தவர்கள் அதிகம் என்றால் சைத்தன் நன்றாகப் பொருந்தும். சி++ டெம்ப்ளேட்கள் நிறைந்த லைப்ரரியாக இருந்தால் அதில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

பைபைண்ட்11, நானோபைண்ட்

டெம்ப்ளேட் நிறைந்த லைப்ரரிக்கு இந்த இரண்டும்தான் சரி. இரண்டையும் உருவாக்கியவர் வென்செல் யாக்கோப். இணைப்பு நிரலைச் சி++ மொழியிலேயே எழுதுகிறீர்கள். தனி மொழி, தனி உற்பத்திக் கருவி எதுவும் இல்லை. உயரத் தரவுக்கான ரிச்டெம் லைப்ரரியின் பைத்தான் பக்கம் பைபைண்ட்11-இல்தான் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2025 ஜூலையில் ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோளின் ரேடார் தரவைச் செயலாக்கும் ஐஸ்3 லைப்ரரியும் அதே வழிதான்.

முன்பு சொன்ன செத்த பேண்ட் பிரச்சினைக்கு இதில் ஒரே ஒரு குறிப்பில் தீர்வு உண்டு. பேண்ட் உயிரோடு இருக்கும்வரை டேட்டாசெட்டையும் விடாதே என்று அந்த ஃபங்ஷனை அறிவிக்கும் இடத்திலேயே சொல்லிவிடலாம். சி++ எக்ஸெப்ஷன் தானாகவே பைத்தான் எக்ஸெப்ஷன் ஆகிவிடும். ஆயுள், பிழை இரண்டும் பெரும்பாலும் தீர்ந்தன.

மூன்றாவதில்தான் பொறி இருக்கிறது. நம்பை அணியை வாங்கும் ஃபங்ஷனை பைபைண்ட்11-இல் இயல்பான அமைப்போடு எழுதினால், வகை பொருந்தாத அணி வந்தாலும் மறுக்காது. சத்தமில்லாமல் நகலெடுத்து வகையை மாற்றித் தரும். பள்ளம் நிரப்பும் ஃபங்ஷன் அணியை இருக்கும் இடத்திலேயே திருத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எதிர்பார்ப்பது 32 பிட் தசம எண், பயனர் கொடுப்பது 64 பிட். நிரல் ஓடும், நேரமும் எடுக்கும், பிழை வராது. திருத்தம் எல்லாம் நகலில் நடந்து நகலோடு போய்விடும். பயனர் கையில் இருக்கும் அணியில் ஒரு பள்ளமும் நிரம்பியிருக்காது. அணியை இடத்திலேயே மாற்றும் எந்த ஃபங்ஷனுக்கும் மாற்றம் செய்யாதே என்ற குறிப்பைப் போட்டே ஆக வேண்டும். 240 மெகாபைட் அணி தெரியாமல் இரட்டிப்பாவதையும் அது தடுக்கும்.

ராஸ்டர் வேலைகள் நிமிடக்கணக்கில் ஓடும் என்பதால் இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். நீண்ட கணக்கு ஓடும்போது ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் ஓடவிடும் பைத்தானின் உலகளாவிய பூட்டை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மற்ற திரெட்கள் எல்லாம் காத்துக்கிடக்கும். ஆனால் முன்னேற்றச் சதவீதம் காட்டப் பைத்தான் ஃபங்ஷனைக் கூப்பிடும் முன் அந்தப் பூட்டை மறுபடி வாங்க வேண்டும். அதே இடத்தில் பயனர் கன்ட்ரோல்-சி அழுத்தினாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்காவிட்டால் கணக்கு முடியும்வரை அவரால் நிறுத்தவே முடியாது.

டெம்ப்ளேட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. 8 பிட், 16 பிட், தசமம் என்று ஒவ்வொரு பிக்சல் வகைக்கும் நீங்கள் பெயர் சொல்லிக் கம்பைல் செய்தவைதான் பைத்தானில் இருக்கும். வகை கூடக்கூடக் கம்பைல் நேரமும் கோப்பின் அளவும் ஏறும். நானோபைண்ட் இந்த இரண்டையும் நன்றாகக் குறைக்கிறது. சி++17 கேட்கும். புதிதாகத் தொடங்கினால் நானோபைண்டைத்தான் சொல்வேன். காரணம் வேகம் இல்லை, அடுத்து வரும் விஷயம்.

நிறுவுவது

ஒரு ஆய்வாளர், பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் கட்டளையை அடித்ததும் ஒரு நிமிடத்தில் வேலை செய்ய வேண்டும். அதற்கு முன்கூட்டியே கம்பைல் செய்த வீல் கோப்பு வேண்டும். லினக்ஸில் இரண்டு வகைச் செயலி, மேக்கில் இரண்டு, விண்டோஸ் ஒன்று என ஐந்து தளம். பைத்தானில் ஐந்து பதிப்பு. ஆக ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 25 வீல். சிபில்ட்வீல் என்ற கருவி இதைத் தானியக்கமாக்கும் என்றாலும், 25-இல் ஒன்று உடைந்தாலும் உங்கள் மாலை நேரம் போச்சு. நானோபைண்ட் பைத்தான் 3.12-இலிருந்து நிலையான பைனரி இடைமுகத்துக்கு ஆதரவு தருகிறது. அதற்கு மேற்பட்ட பதிப்புகளுக்குத் தளத்துக்கு ஒரு வீல் போதும். சிடைப்ஸ் வழியில் போனவர்களுக்குப் பைத்தான் பதிப்புக்கு ஒரு வீல் என்ற பிரச்சினை ஆரம்பத்திலேயே இல்லை.

உங்கள் லைப்ரரி உள்ளே ஜிடாலைப் பயன்படுத்துகிறது என்றால் கதை இன்னும் சிக்கல். பிப் வழியாக வரும் ஜிடாலின் சொந்தப் பைத்தான் தொகுப்பு, கணினியில் அதே பதிப்பு ஜிடால் ஏற்கெனவே இருக்கிறது என்று நம்பி, அங்கேயே கம்பைல் ஆக முயலும். நம்பை முதலில் இல்லாவிட்டால் கம்பைல் ஆனாலும் அணிப் பகுதி மட்டும் காணாமல் போகக்கூடும். ராஸ்டரியோ மாறாகத் தன் வீலுக்குள் ஜிடாலையும் கட்டிக்கொண்டு வருகிறது. நிறுவ எளிது. ஆனால் அதே புராசஸில் வேறொரு ஜிடாலும் ஏறினால் இரண்டும் மோதக்கூடும். இரண்டில் ஒன்றை மட்டும் இறக்குமதி செய்யுங்கள் என்று ராஸ்டரியோ ஆவணமே சொல்கிறது. ஆயத்தொலைவு மாற்றத்துக்கான புரோஜ் தரவுக் கோப்பும் இப்படித்தான். பழைய நிறுவல் ஒன்று சூழல் மாறியில் தன் பாதையை வைத்துவிட்டுப் போயிருந்தால், தரவுத்தள அமைப்பின் பதிப்பு பொருந்தவில்லை, இது வேறு புரோஜ் நிறுவலிலிருந்து வருகிறது என்ற செய்தி வரும். புவித் தரவில் பைத்தான் எழுதும் பலர் இதைப் பார்த்திருப்பார்கள்.

என் பரிந்துரை: முடிந்தால் உங்கள் சி++ லைப்ரரியிலிருந்து கோப்புப் படிக்கும் வேலையையே எடுத்துவிடுங்கள். அணி, பிக்சல் அளவு, தரவில்லா மதிப்பு, இவை மட்டும் உள்ளே போகட்டும். அணி வெளியே வரட்டும். கோப்பைப் பயனர் ராஸ்டரியோவால் படிப்பாரோ வேறு எதனால் படிப்பாரோ, அது அவர் பாடு. வீலில் ஜிடால் இல்லை, மோதலும் இல்லை. மெமரியில் அடங்காத பெரிய படத்துக்குக் கட்டம் கட்டமாகப் பைத்தான் பக்கமே ஓட்டலாம். ஆனால் நீரோட்டக் குவிப்பு போன்ற, ஒரு கட்டத்தின் விடை அடுத்த கட்டத்தைச் சார்ந்த கணக்குகளுக்கு இது போதாது. அவற்றுக்குக் கோப்பு வேலை உள்ளேயே இருக்க வேண்டும். அப்படியானால் பிப்பை முதன்மை வழியாக வைக்காமல், எல்லாத் தொகுப்பும் ஒரே ஜிடாலைப் பகிரும் கோண்டா-ஃபோர்ஜ் தொகுப்புக் களஞ்சியத்தின் பக்கம் போவது நல்லது.

எதை எடுப்பது

கோப்பிலிருந்து கோப்புக்கு வேலை செய்யும் லைப்ரரி, ஒரே ஒரு பராமரிப்பாளர்: கட்டளை வரி, ஜேசன் வெளியீடு. ஏற்கெனவே சி இடைமுகம் இருக்கிறது, இருபது ஃபங்ஷனுக்குள்: சிஎஃப்எஃப்ஐ. சி இடைமுகம் பெரிது, பைத்தானுக்கு அழகான முகம் வேண்டும்: சைத்தன். டெம்ப்ளேட் நிறைந்த சி++, அணி உள்ளே அணி வெளியே: நானோபைண்ட். ஜாவா, சி ஷார்ப் பயனர்களும் காத்திருக்கிறார்கள்: ஸ்விக்.

முடிவெடுக்கும்போது ஐந்து ஆண்டுக்குப் பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார் என்றும் யோசியுங்கள். ஆர் மொழியில் பல ஆண்டுகள் எல்லாரும் நம்பியிருந்த ஆர்ஜிடால், பராமரிப்பாளர் ஓய்வு பெறுவதையொட்டி 2023-இல் நிறுத்தப்பட்டது. முன்கூட்டியே அறிவித்து, டெர்ரா, எஸ்எஃப் போன்றவற்றுக்கு மாறப் போதிய அவகாசம் கொடுத்து, பொறுப்போடு செய்தார்கள். எல்லாத் திட்டத்துக்கும் அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. இணைப்பு நிரல் சின்னதாக இருக்க இருக்க அடுத்தவர் கையில் கொடுப்பது எளிது.

எதை எடுத்தாலும் முதல் வெளியீட்டுக்கு முன் சில சோதனைகளை எழுதிவிடுங்கள். டேட்டாசெட்டை விட்டுவிட்டுப் பேண்டைப் படித்துப் பாருங்கள். இல்லாத கோப்பைத் திறந்து பாருங்கள். ஒன்று விட்டு ஒன்றாக வெட்டிய நம்பை அணியைக் கொடுத்துப் பாருங்கள். மெமரி தொடர்ச்சியாக இருக்கிறது என்று நம்பிய நிரல் இதில் தப்பான பிக்சலைப் படிக்கும். அகலமும் உயரமும் வேறுபடும் படத்தையே சோதனைக்கு வையுங்கள். ஜிடால் அகலத்தை முதலில் சொல்லும், நம்பை வரிசைகளின் எண்ணிக்கையை முதலில் சொல்லும், சதுரப் படத்தில் அந்தக் குழப்பம் வெளியே தெரியாது. அப்புறம், உள்ளே ஏறியிருப்பது எந்தப் பதிப்பு, எந்தப் பாதையிலிருந்து வந்தது என்று சொல்லும் ஒரு ஃபங்ஷன் கட்டாயம் இருக்கட்டும். பயனர் ஒருவர் பிழை என்று எழுதும்போது நீங்கள் முதலில் கேட்கப்போவது அதன் விடையைத்தான்.